முத்தின் நீரும் நாணயத்தின் முகமும்: அரசு வெளியிடும் சேகரிப்புத் தொகுப்புகளில் ‘தரம்’ என்பது என்ன?

1. கேள்வி

தூத்துக்குடியில் நண்பர் ஒருவர் வீட்டு மேசையில் நீல வெல்வெட் உறையிட்ட ஒரு பெட்டி. உள்ளே தமிழ்நாட்டுத் தலைவர் ஒருவரின் நூற்றாண்டையொட்டி வெளியான இரண்டு நாணயங்கள்: ஒன்று வெள்ளிக் கலவையில் 100 ரூபாய், மற்றொன்று 5 ரூபாய். வாங்கிய நாளிலிருந்து பெட்டியைத் திறந்ததில்லை என்றார். சன்னலோரம் கொண்டுபோய், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பெரிய நாணயத்தின் விளிம்பை ஒட்டி வைக்கோல் நிறத்தில் ஒரு வளையம் படர்ந்திருந்தது. கண்ணாடிபோல் மின்ன வேண்டிய வெற்றிடத்தில் மெல்லிய ஆவி படிந்தாற்போல் மங்கல். நாணயத்தைச் சற்றே சாய்த்தபோது, உருவத்தின் கன்னத்துக்கு அருகில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் பளிச்சிட்டு மறைந்தது. சொன்னேன். நண்பர் ஒப்பவில்லை.

“கெவர்மெண்டே பெட்டி போட்டுக் குடுத்திருக்கு அண்ணாச்சி, இதுக்கு மேல என்ன தரம் வேணும்ங்கிய?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அரசு நாணயச்சாலை சேகரிப்போருக்கென்று வெளியிடும் தொகுப்பில் ‘ப்ரூஃப்’, ‘அன்சர்க்குலேட்டட்’ (சுருக்கமாக யு.என்.சி.) என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொற்கள் தரத்தைச் சொல்கின்றனவா? இல்லையென்றால் எதைச் சொல்கின்றன? பெட்டிக்குள் நாம் சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடிய தரம் எது?

தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மூடிய உறைக்குள் இருக்கும் ஒரு பொருளை அரசு விற்பதும், தரத்தை வாங்குபவர் கண்டுபிடிப்பதும் இந்தக் கடற்கரைக்குப் பழகிய வியாபாரம். முத்துச் சலாபம், அதாவது ஆள்பவர் நடத்திய முத்துக்குளிப்பு, அப்படித்தான் நடந்தது. அந்த அனுபவம் நாணயத் தொகுப்பைப் புரிந்துகொள்ள உதவும் என்பது என் துணிபு.

2. பிறப்புச் சொல்லும் நிலைச் சொல்லும்

‘ப்ரூஃப்’ என்ற சொல் அச்சுப் பட்டறையில் பிறந்தது. புதிதாக வெட்டிய அச்சு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க முதலில் அடித்துப் பார்த்த நாணயத்துக்கு அந்தப் பெயர். பின்னாளில், கவனமாக அடித்துச் சேகரிப்போருக்கு விற்கும் நாணயத்தின் பெயராயிற்று. இன்றைய நடைமுறை இது: வில்லையை மெருகேற்றுவார்கள், அச்சையும் மெருகேற்றுவார்கள், புழக்க நாணயத்துக்குத் தருவதைவிடக் கூடுதல் அழுத்தத்தில், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பார்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியே கையுறையோடு எடுப்பார்கள். உருவம் பனி படர்ந்ததுபோல் வெண்மையாகவும், சுற்றியுள்ள வெற்றிடம் கண்ணாடிபோலவும் அமைவது இதனால்தான்.

யு.என்.சி. என்பதன் பொருள் இன்னும் எளியது. மக்கள் கைக்குப் போகாத நாணயம், அவ்வளவே. கைமாறித் தேயவில்லை என்பதற்கு அது உறுதி. ஆனால் இயந்திரத்திலிருந்து தொட்டிக்குள் விழுந்தபோது மற்றொரு நாணயத்தின் விளிம்பு இடித்து ஏற்பட்ட வடுவை அந்தச் சொல் மறுக்கவில்லை. ஒரு கையும் படாத நாணயம் உடலெங்கும் வடுவோடு இருக்கலாம். அப்போதும் அது யு.என்.சி.தான்.

ஆக, இரண்டுமே நாணயம் எப்படிப் பிறந்தது, எந்த வழியாக வந்தது என்று சொல்பவை. இவற்றைப் ‘பிறப்புச் சொல்’ என்று அழைக்கிறேன். நாணயம் இப்போது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வது ‘நிலைச் சொல்’. முத்துக் கடைக்குப் போனால் இந்த வேறுபாடு உடனே விளங்கும். ‘இயற்கை முத்து’, ‘வளர்ப்பு முத்து’ என்பவை பிறப்பைச் சொல்கின்றன. குறையற்ற ‘ஆணி முத்து’, சொரசொரப்பான ‘கரடு’ என்பவை நிலையைச் சொல்கின்றன. இயற்கை முத்தெல்லாம் ஆணி முத்தாகிவிடாது. அதேபோல் ப்ரூஃப் நாணயமெல்லாம் குறையற்ற நாணயமும் ஆகாது.

சுதந்திர இந்தியாவில் இந்தப் பிறப்புச் சொற்களின் வரலாறு 1950இல் தொடங்குகிறது. குடியரசின் முதல் நாணய வரிசையில் ஏழு நாணயங்கள் கொண்ட ப்ரூஃப் தொகுப்பை அன்றைய பம்பாய் நாணயச்சாலை அடித்தது. 1964இல் நேரு மறைந்தபின் வந்த ஒரு ரூபாயும் 50 பைசாவும் குடியரசின் முதல் நினைவு நாணயங்கள். 1969இல் காந்தி நூற்றாண்டுக்காக 20 பைசா, 50 பைசா, ஒரு ரூபாய், வெள்ளிக் கலவையில் 10 ரூபாய் என நான்கு நாணயங்கள் வந்தன. இன்று மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளும் 2006இல் தொடங்கப்பட்ட ஓர் அரசுக் கழகத்தின்கீழ் இயங்குகின்றன. சென்னைக்கும் நாணயச்சாலை இருந்தது, 1869இல் மூடப்பட்டது. ‘தங்கசாலை’ என்ற தெருப்பெயர்தான் மிச்சம்.

பிறப்புச் சொல்லைக்கூட முழுதாக நம்ப முடியாத ஓர் அத்தியாயமும் உண்டு. விக்டோரியா காலத்து நாணயங்களையும் கிழக்கிந்தியக் கம்பெனி நாணயங்களையும், பழைய அச்சுகளைக் கொண்டு சேகரிப்போர் கேட்டபோதெல்லாம் மறுபடி அடித்துத் தந்தன இந்திய நாணயச்சாலைகள். 1970 வாக்கில்தான் அந்த வழக்கம் நின்றது. பெயரில் அவையும் ப்ரூஃப். நாணயத்தில் உள்ள ஆண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு. அடித்த காலமோ இருபதாம் நூற்றாண்டாக இருக்கலாம். இன்றைய ஏலப் பட்டியல்கள் இவற்றை ‘மறு அடிப்பு’ என்று தனியே பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

3. சட்டம் எதை அளக்கிறது?

அரசு வெளியிடும் பொருளுக்கு அரசின் சட்டம் தரம் விதித்திருக்குமே என்று நினைப்பது இயல்பு. 1906ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம், 1,000 ரூபாய்க்கு மேற்படாத மதிப்புகளில் நாணயம் அடிக்க அனுமதிக்கிறது. ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் அரசிதழில் விதி வெளியாகும். அதில் உலோகக் கலவை, விட்டம், எடை, விளிம்பில் உள்ள வரிகளின் எண்ணிக்கை, முகப்புச் சின்னம், பின்புறப் படம் எல்லாம் துல்லியமாக இருக்கும். எடையிலும் கலவையிலும் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

காமராசர் நூற்றாண்டுக்காக 2003ஆம் ஆண்டு பொறித்து வந்த 100 ரூபாயை எடுத்துக்கொள்வோம். 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம் எடை. நூற்றுக்கு 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, 5 பங்கு நிக்கல், 5 பங்கு துத்தநாகம். பல ஆண்டுகள் இந்திய நினைவு நாணயங்களுக்குப் பொதுவாக இருந்த கலவை இதுவே. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்காக 2010இல் வந்த 1,000 ரூபாய் இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயம். அதில் வெள்ளி 80 பங்கு, செம்பு 20 பங்கு.

இவ்வளவு துல்லியமான விதியில் நாணயத்தின் மேற்பரப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செல்லத்தக்க நாணயம் சிதைக்கப்படாமலும் எடை குறையாமலும் இருக்க வேண்டும் என்று மட்டும் சட்டம் கேட்கிறது. அதற்கு அதுவே போதும்; கடையில் கொடுத்து வாங்கும் நாணயத்தின் கன்னத்தில் கீறல் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. நகைக்கடையில் ‘916’ முத்திரை பார்த்து வாங்கும் நமக்கு இது புரியும். அந்த முத்திரை தங்கத்தின் மாற்றைச் சொல்கிறது; வளையல் நெளிந்திருக்கிறதா என்று சொல்வதில்லை. ஆனால் சேகரிப்பவர் முகமதிப்பைவிடப் பலமடங்கு கூடுதலாகக் கொடுப்பது சட்டம் கண்டுகொள்ளாத அந்த மேற்பரப்புக்காகத்தான்.

நாணயத்தைக் கண்ணால் சோதிப்பவருக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு: வண்ணக்கன். சங்கப் புலவர்களில் சிலரின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னாளில் அவர் நோட்டக்காரர் ஆனார், அவர் செய்தது நோட்டம். டச்சுக்காரர்கள் 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய பின் இங்கேயே நாணயமும் அடித்தார்கள். ‘துட்டு’ என்ற நம் சொல்லே அவர்களுடைய ‘டொய்ட்’ என்ற செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது என்பர். கையால் அடித்த அந்தக் காலப் பணத்தில் ஒன்றுபோல் மற்றொன்று இராது. எடையும் மாற்றும் அரசின் பொறுப்பு. அடி நடுவில் விழுந்ததா, ஓரம் வெடித்ததா என்பது நோட்டக்காரரின் கண்ணுக்கு விட்டது. இன்றைய சட்டமும் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கிறது. நடுவில் நோட்டக்காரர்தான் இல்லை.

4. மூடிய சிப்பி: முத்துச் சலாபத்தின் நேர்மை

இந்தக் கடற்கரையில் முத்தெடுப்பது பழைய தொழில். பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு கொற்கையைச் சொல்லி, அங்கே முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. பாண்டியர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் மாறினாலும் சலாபம் ஆள்பவரின் உரிமையாகவே தொடர்ந்தது. 1961இல் தமிழக அரசு நடத்திய சலாபமே கடைசி.

ஆங்கிலேயர் காலத்து நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1889இல் தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் கண்டு எழுதினார். நம் கேள்விக்குப் பொருத்தமாக, அருங்காட்சியகத்தின் நாணயங்களுக்கு விவரப் பட்டியல் தொகுத்தவரும் அவரே. அவருக்குப் பின் ஜேம்ஸ் ஹார்னெல் 1905இல் மன்னார் வளைகுடாவின் முத்து வளம் பற்றி விரிவான அறிக்கை தந்தார். இவர்கள் எழுதியவற்றிலிருந்து நடைமுறை தெளிவாகிறது.

முதலில் பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், மாதிரிச் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றைத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று முன்கூட்டியே கணக்கிடுவார்கள். சலாபம் தொடங்கியதும் தோணிகள் கொண்டுவரும் சிப்பி ‘கோட்டு’ எனப்பட்ட வேலியிட்ட இடத்தில் எண்ணப்படும். மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. மீதியை அரசு ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடும். சிப்பி மூடியிருக்கும், வாங்குபவரும் விற்பவரும் உள்ளே இருப்பதை அறியார்கள். வாங்கியவர் சிப்பியை அழுகவிட்டு, ஈ மொய்க்கும் நாற்றத்தில் வள்ளத்தில் கடல்நீர் ஊற்றி அலசி, அடியில் தங்கிய முத்தைப் பொறுக்குவார்.

அரசு இங்கே எதற்குப் பொறுப்பேற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கைக்கு, எந்தப் பாரிலிருந்து வந்தது என்பதற்கு, மாதிரி மதிப்பீட்டுக்கு. ஒவ்வொரு சிப்பியிலும் நல்ல முத்து உண்டு என்று அது சொல்லவில்லை; வாங்கியவரும் அப்படி எண்ணவில்லை. அது ஒருவகைச் சூதாட்டம் என்று இருவருக்கும் தெரியும். மூடிய பெட்டியில் வரும் நாணயத் தொகுப்பும் மூடிய சிப்பி போன்றதுதான். சிப்பி வாங்கியவருக்கு அது சிப்பி என்று தெரிந்திருந்தது. தொகுப்பு வாங்குபவர் முத்தையே வாங்கியதாக நினைக்கிறார்.

தரம் பிரிப்பது அதன்பிறகு வணிகரின் வேலை. கிண்ணம்போன்ற பத்துப் பித்தளைச் சல்லடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். முதலாவதில் 20 துளைகள்; பின்னர் 30, 50, 80, 100, 200, 400, 600, 800; கடைசியில் 1,000. துளை எண்ணிக்கை ஏற ஏறத் துளையின் அளவு குறையும். மேலே தங்குவது பருமுத்து, கடைசிச் சல்லடையையும் கடந்து விழுவது தூள். ஆனால் சல்லடை அளவை மட்டுமே சொல்லும். அதன்பின் வணிகர் முத்தைத் துணியில் பரப்பி, உருட்டி, வெளிச்சத்தில் பார்த்து, உருவத்தையும் நீரையும் கொண்டு வகுப்பார். உருட்சியும் ஒளியும் குறையாதது ஆணி. அங்கிருந்து மடங்கு, வடிவு, தூள் என்று கீழே இறங்கும்.

நாணயத்துக்குச் சட்டம் விதிக்கும் எடையும் விட்டமும் சல்லடைக்கு ஒப்பானவை. துணியில் பரப்பிப் பார்க்கும் கண் என்ற அடுத்த கட்டம் நாணயத் தொகுப்பில் யாருடைய பொறுப்பு என்பதே நம் கேள்வி.

5. கல்லில் எழுதிய தரப் பட்டியல்

அரசாங்கம் தரத்தின் நுணுக்கத்துக்குள் போக முடியாது என்று வாதிடலாம். அதற்கு எதிரான சான்று தஞ்சையில் இருக்கிறது. முதலாம் ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த அணிகலன்களின் கல்வெட்டுகள் ஒவ்வொரு நகையிலும் பதித்த, கோத்த முத்துகளை வகை பிரித்து எண்ணுகின்றன. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கரடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று வடிவுக்கு வடிவு பெயர் உண்டு. ஒளியைச் சொல்லக் குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்ற பெயர்கள். எண்ணிக்கைக்குப் பின் எடை. நகைகளை எடையிடத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்ற தனி எடைக்கல்.

இந்தப் பட்டியலில் குறிப்பிடத்தக்கது அதன் மறைக்காத தன்மை. கொடுப்பவன் பேரரசன், பெறுபவர் இறைவன். எனினும் கரட்டு முத்து கரடு என்றே எழுதப்பட்டது. ஒட்டிப் பிறந்தது இரட்டை என்று எழுதப்பட்டது. கொடைக்கு அதனால் இழுக்கு வந்துவிடும் என்று யாரும் கருதவில்லை. காரணம் நடைமுறை சார்ந்தது: பின்னாளில் நகை மாற்றப்பட்டதா, முத்து கழற்றப்பட்டதா என்று பண்டாரத்தில் சோதிக்க வேண்டுமானால் கொடுத்தபோது இருந்த நிலை எழுத்தில் இருந்தாக வேண்டும். நிலைச் சொல் புகழுரையாக அன்றிக் கணக்கு ஆவணமாகவே அங்கே இயங்கியது. அந்தக் கோயிலின் ஆயிரமாண்டு நினைவாக வந்த நாணயத்துக்கு அப்படியொரு நிலைக் குறிப்பு தேவைப்படவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

6. தரம் எண்ணாகும்போது

நாணயத்தின் நிலையை எண்ணால் சொல்லும் முறை அமெரிக்காவில் தோன்றியது. 1949இல் வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்க செப்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். அவர் முதலில் கருதியது விலையை: அடிநிலையில் உள்ள நாணயம் ஒரு மடங்கு பெறுமானால், குறையற்றது எழுபது மடங்கு பெறும். விலைக் கணக்கு பின்னர் பொய்த்தது, எண் நிலைத்தது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தனியார் தரநிர்ணய நிறுவனங்கள் தோன்றி, நாணயத்தைப் பார்த்து எண்ணிட்டு, ஞெகிழிக் கூட்டில் அடைத்துத் தரத் தொடங்கின. 60உம் அதற்கு மேலும் உள்ளவை தேயாத நாணயங்கள். 60 என்றால் தேய்வில்லை, ஆனால் வடு நிறைய. 65 என்றால் கண்ணை உறுத்தாத சில வடுக்கள். 70 என்றால் ஐந்து மடங்கு பெருக்கியும் குறை தெரியக்கூடாது. ப்ரூஃப் நாணயங்களுக்கும் இதே எண்கள்தாம், முன்னெழுத்து மட்டும் வேறு. அதாவது இந்த முறையே ப்ரூஃப் என்பதைப் பிறப்பாக வைத்துக்கொண்டு, நிலையைத் தனியே எண்ணுகிறது.

முத்து வணிகரும் மதிப்பை எண்ணாக்கினார்கள். ‘செவ்வு’ என்று குறிக்கப்பட்ட அவர்களுடைய கணக்கு, எடையை மஞ்சாடி என்னும் சிறு எடையளவில் எடுத்து அதன் வர்க்கத்தை அடிப்படையாகக் கொண்டது. எடை இருமடங்கானால் மதிப்பு நான்கு மடங்காகும் போக்குடையது. ஆனால் அந்தக் கணக்கு முத்தின் வகுப்பைத் தீர்மானித்தபின்தான் தொடங்கும். ஆணிக்கு ஒரு செவ்வுக்கு ஒரு விலை, வடிவுக்கு வேறு விலை. கண் முதலில், கணக்கு பிறகு. ஷெல்டன் இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கப் பார்த்தார். இன்றைய சந்தையில் 69க்கும் 70க்கும் இடையே விலை தாவுவதையும், அந்த ஒரு புள்ளி வேறுபாட்டை வெறும் கண்ணால் காண இயலாததையும் பார்க்கும்போது, முத்து வணிகரின் முறையே தெளிவானது என்று தோன்றுகிறது.

7. பெட்டிக்குள் சாதாரணமாக இருப்பது

இனி நண்பரின் கேள்விக்கு நேராக வரலாம். அரசுத் தொகுப்பில் எந்தத் தரத்தை எதிர்பார்க்கலாம்?

யு.என்.சி. தொகுப்பில் தேய்வு இராது, வடு இருக்கும். நாணயம் பெரிதாக இருந்தால் வடு கூடும். கனமான வில்லை மற்றொன்றின்மீது விழும்போது ஆழமாகப் பதியும் என்பது ஒரு காரணம். 44 மில்லிமீட்டர் பரப்பில் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது மற்றொன்று. எண்ணால் சொன்னால், அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து நடுப்பகுதி வரை எதிர்பார்ப்பதே நிதானம். ப்ரூஃப் தொகுப்பு அறுபதுகளின் மேற்பகுதியில் அமைய வேண்டியது. தற்கால அமெரிக்கத் தொகுப்புகளில் 68, 69 சாதாரணம். பல பத்தாண்டுகளாகப் பழைய பெட்டியில் கிடந்த இந்தியத் தொகுப்புகளில் அதை எதிர்பார்ப்பது பேராசை.

ஏன் என்பதற்கு உலோகம் பதில் சொல்கிறது. பாதிக்குப் பாதி வெள்ளியும் அதற்கு அடுத்தபடி செம்பும் உள்ள கலவை, தூய வெள்ளியைவிட எளிதில் நிறம் மாறும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைத் தாக்கி, முதலில் மஞ்சளும் பின்னர் பழுப்பும் நீலமுமாக்கும். செம்பு ஈரத்தோடும் உப்போடும் சேர்ந்து தனியே கறுக்கும். உப்பளங்களின் உப்பைச் சுமந்த தூத்துக்குடிக் காற்றில் இவை விரைவாகவே நடக்கும். நண்பரின் நாணய விளிம்பில் கண்ட வைக்கோல் நிறம் அந்த மாற்றத்தின் முதல் படி. பெட்டி திறக்கப்படாதது அதைத் தடுக்காது. காற்று மூடியின் இடுக்கு வழியே போய்வரும்.

மற்றொரு பகை உறை. பி.வி.சி. என்னும் நெகிழி உறையில் நாணயத்தை நீண்டநாள் வைத்தால், உறையின் மென்மையூட்டி கசிந்து பச்சையாகப் பிசுபிசுக்கும். செம்பு கலந்த நாணயத்தை அது அரிக்கவும் செய்யும். துணியால் துடைப்பது எல்லாவற்றையும்விடக் கேடு. ப்ரூஃபின் கண்ணாடிப் பரப்பில் மென்துணிகூட முடிக்கோடுகளை விட்டுச் செல்லும். கைரேகை ஒருமுறை பதிந்தால், அதன் எண்ணெயும் உப்பும் ஆண்டுகள் கழித்துப் பழுப்பாக வெளிப்படும்.

ஆகவே குறைகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அடி மங்கல், அச்சுப் பிசகு, தொட்டியில் விழுந்த வடு, உறையிடும்போது பட்ட விரல் ஆகியவை பெட்டிக்குள் வருமுன் நேர்ந்தவை. நிறமாற்றம், பச்சைப் படலம், துடைத்த கோடு ஆகியவை பெட்டிக்குள் வந்தபின் நேர்ந்தவை. முதல் வகைக்கு விற்றவர் பதில் சொல்லலாம். இரண்டாம் வகைக்குப் பெரும்பாலும் வைத்திருந்தவர். நண்பரின் நாணயத்தில் வளையம் இரண்டாம் வகை. கன்னத்துக் கீறல் எந்த வகை என்று இன்று யாராலும் சொல்ல இயலாது, ஏனென்றால் பெறும்போது அதன் நிலை எங்கும் எழுதப்படவில்லை. தஞ்சைக் கல்வெட்டு தவிர்க்க நினைத்த சிக்கல் இதுதான்.

8. எதிர்வாதங்கள்

மூன்று எதிர்வாதங்களை எடைபோட வேண்டும். முதலாவது: நாணயச்சாலை உற்பத்தியாளர், தன் பொருளுக்குத் தானே மதிப்பெண் போடுவது முறையாகாது. பிரிட்டன், அமெரிக்க நாணயச்சாலைகளும் பிறப்புச் சொற்களோடு நிறுத்திக்கொள்கின்றன. இது வலுவான வாதம், ஏற்கிறேன். எண்ணிடுவதை அரசிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது: எண்முறையே தனிமனிதர் கண்ணைச் சார்ந்தது. ஒரே நாணயம் இரண்டு முறை அனுப்பப்பட்டு இரண்டு எண் பெறுவதுண்டு. இதுவும் உண்மை. ஆனால் இது எண்ணுக்கு எதிரான வாதமே, விவரிப்புக்கு எதிரானதன்று. ‘65’ என்பதில் இருவர் வேறுபடலாம். ‘வெற்றிடத்தில் ஒரு கீறல்’ என்பதில் வேறுபட முடியாது.

மூன்றாவது: தொகுப்பை வாங்குபவர்களில் பெரும்பாலோர் தலைவருக்காகவும் நிகழ்வுக்காகவும் வாங்குகிறார்கள், மேற்பரப்பு அவர்களுக்குப் பொருட்டன்று. கலைஞர் கருணாநிதி நூற்றாண்டுக்காக 2024 ஆகஸ்டில் வெளியான 100 ரூபாயை வாங்கித் தொண்டர்கள் கண்ணாடி வைத்தா பார்த்தார்கள்? இல்லை. அவர்களுக்கு அது நினைவுப் பொருள். அந்த அன்பில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் அடுத்த தலைமுறை அதை விற்கப் போகும்போது சந்தை தலைவரைப் பார்க்கும், கூடவே கன்னத்தையும் பார்க்கும். அந்த நாளில் ஏமாற்றம் அடைபவர் வாங்கியவர் அல்லர், அவருடைய பிள்ளை.

9. முடிவு

‘ப்ரூஃப்’, ‘யு.என்.சி.’ என்பவை பிறப்புச் சான்றிதழ்கள். உடல்நலச் சான்றிதழாக அவற்றை வாசிப்பது வாங்குபவரின் பிழை, அப்படி வாசிக்க விடுவது விற்பவரின் மெத்தனம். இரண்டையும் சரிசெய்யப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. தொகுப்போடு வரும் அட்டையில் மூன்று வரிகள் போதும்: நாணயம் எத்தனை முறை அடிக்கப்பட்டது, உறையிடுமுன் எத்தனை மடங்கு பெருக்கிப் பார்க்கப்பட்டது, எந்தக் குறை கண்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தரப்படும். சலாபத்தில் மாதிரி மதிப்பீடு செய்த வேலையை இந்த மூன்று வரிகள் செய்யும்.

நம் பக்கத்து வேலையும் ஒன்று உண்டு. முத்தின் நிலையைச் சொல்ல ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பத்துக்கு மேற்பட்ட சொற்கள் வைத்திருந்த மொழியில், நாணயத்தின் நிலையைச் சொல்ல ஆங்கிலச் சுருக்கெழுத்துகளையே நம்பியிருக்கிறோம். தொட்டி வடு, முடிக்கோடு, ஆவி மங்கல், அடி மங்கல், உறைப் பச்சை என்று பெயரிட்டு, சேகரிப்போர் சங்கங்கள் ஒரு பட்டியலை ஒப்புக்கொள்ளலாம். தொகுப்பு கைக்கு வந்த அன்றே ஒரு தாளில் அந்தச் சொற்களால் அதன் நிலையை எழுதி, தேதியிட்டு, பெட்டியோடு வைக்கலாம்.

நண்பர் இப்போது அப்படி ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறார். நீங்களும் அடுத்த தொகுப்புக்குப் பணம் கட்டுமுன், பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தொகுப்பைவிட விலை குறைவு.